குழப்படிப் பிள்ளையும் கிரெய்கிபர்ன் வீடும்

பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டால் அதன் பிறகு வீட்டில் யாருக்கும் இருப்பு இல்லை என்று எமது ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். அது பாதி வேடிக்கையாகச் சொல்லப்பட்ட பேச்சு. ஊரில் பிள்ளைக்குப் பின்னால் ஓடுவதற்குத் தாய் மட்டும் இருக்கவில்லை. அம்மம்மா, அப்பப்பா, சித்தி, மாமா என்று வீட்டுக்குள் ஒரு பட்டாளம். வேலிக்கு அப்பால் நின்று “பிள்ளை கிணற்றடிக்குப் போகுது, பாருங்கோ” என்று குரல் கொடுக்க அயலில் இன்னொரு பட்டாளம். மெல்பேர்ண் நகர மையத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கிரெய்கிபர்னில் அந்த இரண்டு பட்டாளங்களும் சேர்ந்து ஒரேயொரு தாயாகச் சுருங்கிவிட்டன. வேடிக்கைப் பேச்சு இங்கே நிசமாகிவிட்டது.

கிரெய்கிபர்ன் இளங் குடும்பங்களின் ஊர். மின்சார ரெயில் இங்கு வந்தது 2007ஆம் ஆண்டில். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இங்கு வாழ்வோர் 65,000 பேருக்கு மேல். புதுப் புது வீதிகள், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் வீடுகள், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தள்ளுவண்டில். ஆனால் காலை எட்டு மணிக்குப் பிறகு அதே வீதியில் நின்று பாருங்கள். ஆள் அரவம் இராது. கார்கள் போய்விடும், கராஜ் கதவுகள் மூடிவிடும். உள்ளே எத்தனையோ வீடுகளில் ஒரு தாயும் ஒரு குழந்தையும் மாலை வரை தனியே இருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் இப்பொழுது இருப்பவள் நான். என் மகள் வேலைக்குத் திரும்பியபின் இருபது மாதப் பேரன் என் பொறுப்பில் இருக்கிறான். அம்மம்மா என்ற முறையில் கண்டதையும், தாதிமாரிடமும் டொக்டர்மாரிடமும் கேட்டுத் தெரிந்ததையும் இங்கே எழுதுகிறேன். இளம் பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென்று விமானம் ஏறி வரும் என் வயதினருக்கும் பயன்படக்கூடும்.

பத்துப் பருவமும் பத்துச் சந்திப்பும்

நடை பழகும் பிள்ளையின் குழப்படியை எமது முன்னோர் ஓர் இலக்கியமாகவே ஆக்கி வைத்தார்கள். பிள்ளைத்தமிழ் என்ற பிரபந்தத்துக்குப் பருவங்கள் பத்து. மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தோராம் மாதம் வரை, இரண்டிரண்டு மாத இடைவெளியில் அவற்றை வகுப்பது ஒரு மரபு. காப்பு, செங்கீரை, தால் என்று தொடங்கி, ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று முடியும். கடைசி மூன்றையும் கவனியுங்கள். சிற்றில் என்பது சிறுமியர் கட்டிய மணல் வீட்டைப் பிள்ளை காலால் அழிப்பது. சிறுபறை என்பது பறை கொட்டுவது. சிறுதேர் என்பது தேரை இழுத்துத் திரிவது. அடுக்கிய துணியைக் கலைத்துவிட்டு, சட்டி மூடியைக் கரண்டியால் தட்டி, கதிரையைக் குசினி முழுவதும் இழுத்துத் திரியும் எங்கள் வீட்டுப் பேரன் இந்த மூன்றையும் ஒரே காலைப் பொழுதில் முடித்துவிடுகிறான். ஆகவே இது கெட்ட பழக்கமும் அல்ல, இந்த நாட்டுக் காற்றுப் பட்டதால் வந்ததும் அல்ல. அது அந்த வயதின் வேலை.

விக்டோரியா மாநிலமும் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துக் கட்டமாகவே பிரித்திருப்பது ஒரு பொருத்தம். தாய்சேய் நலத் தாதி முதலில் வீட்டுக்கு வருவார். பின்னர் 2, 4, 8 வாரங்கள், 4, 8, 12, 18 மாதங்கள், 2 வயது, 3½ வயது ஆகிய கட்டங்களில் நாங்கள் நிலையத்துக்குப் போகவேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. இச்சேவையின் முதல் நிலையம் 1917ஆம் ஆண்டில் மெல்பேர்ணின் றிச்மண்ட் பகுதியில் தொடங்கப்பட்டது. இலங்கையில் முதலாவது சுகாதாரப் பிரிவு களுத்துறையில் 1926ஆம் ஆண்டு அமைந்து, குடும்பநல மருத்துவிச்சி வீடு தேடிவரும் முறை வளர்ந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

கைக்குழந்தையாய் இருந்தபோது தவறாமல் போன பெற்றோர் பலர், ஒரு வயதுக்குப் பிறகு வேலைப் பளுவினால் போகாமல் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாத காலம் இதுதான். நடை, பேச்சு, காது கேட்டல், விளையாட்டு என்று பலவற்றையும் 18 மாதத்திலும் 2 வயதிலும் பார்த்துத்தான் ஏதும் குறை இருந்தால் வேளையோடு பிடிக்கிறார்கள். ஆங்கிலம் தயக்கமாயின் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். தாதியே அதற்கு ஒழுங்கு செய்வார்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துகள்

வீதியில் உள்ள ஆபத்து எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குள் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதிலும் எமது வீடுகளில் மட்டும் இருக்கும் சில பொருட்களைப் பற்றி இந்நாட்டுத் துண்டுப் பிரசுரங்களில் அதிகம் பேச்சில்லை.

முதலாவது சுவாமித் தட்டு. கற்பூரம் பார்வைக்குச் சீனிக்கட்டி போல இருக்கும். அதைப் பிள்ளை விழுங்கினால் சில நிமிடங்களுக்குள்ளேயே வலிப்பு வரலாம். சிறு பிள்ளைக்குச் சிறிதளவும் உயிராபத்து. கற்பூரப் பெட்டியும் நெருப்புப் பெட்டியும் விளக்கெண்ணெயும் பெரியவர் கை எட்டும் உயரத்தில், பூட்டிய தட்டில் இருக்கவேண்டும். எரியும் குத்துவிளக்கை நிலத்தில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகக்கூடாது. அதற்குப் பதிலாகப் பலர் இப்போது பற்றறி விளக்குகளை வாங்கி வைக்கிறார்கள். சிறிய விளக்குகள் பலவற்றினுள் இருப்பது பொத்தான் போன்ற தட்டைப் பற்றறி. அது தொண்டைக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே எரித்துப் புண்ணாக்கிவிடும். இதற்கென்று கட்டாயப் பாதுகாப்பு விதிகளை உலகிலேயே முதலில் கொண்டுவந்த நாடு அவுஸ்திரேலியா. 2022ஆம் ஆண்டு யூன் மாதம் அவை நடைமுறைக்கு வந்தன. ஆனால் ஊரிலிருந்து பெட்டியில் வந்த விளக்குக்கும் பாட்டுப் பாடும் பொம்மைக்கும் அந்த விதி தெரியாது. பற்றறி மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று நாமே பார்க்கவேண்டும்.

இரண்டாவது தைலப் போத்தல். தடிமன் என்றால் நீலகிரித் தைலம் தேடுவது எமது வழக்கம். அந்த மரமே இந்த நாட்டிலிருந்துதான் நீலகிரிக்குப் போனது. அதன் சொந்த இடம் தஸ்மேனியாவும் தென் விக்டோரியாவும். பூசுகின்ற மருந்து என்று நாம் தலைமாட்டில் வைக்கும் அந்தத் தைலத்தை ஒரு தேக்கரண்டி அளவு குடித்தாலே குழந்தைக்கு நினைவு தப்பக்கூடும். பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் எம் வயதினரின் கைப்பை இன்னொரு மருந்துக் கடை. நீரிழிவுக் குளிசை, இரத்த அழுத்தக் குளிசை எல்லாம் அதற்குள் இருக்கும். பையோ கட்டிலின் மேல் கிடக்கும். வந்த அன்றே பைக்கு ஓர் உயரமான ஆணி அடியுங்கள்.

பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டதென்று ஐயம் வந்தால் வாந்தி எடுக்க வைக்கவேண்டாம், உப்புத் தண்ணீர் கொடுக்கவேண்டாம். 13 11 26 என்ற நச்சுத் தகவல் நிலைய எண்ணை உடனே அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் பதில் கிடைக்கும். பிள்ளை மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ 000. இந்த இரண்டு எண்களையும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தமிழிலேயே எழுதி ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் கைத்தொலைபேசியில் தேடிக் கொண்டிருக்க முடியாது.

மூன்றாவது சூடும் தண்ணீரும். ஊற்றி வைத்த தேநீர் கால் மணி நேரம் கழிந்த பின்னும் பிள்ளையின் தோலைச் சுடும். குளியலறைக் குழாய்க்கு வரும் சுடுநீர் 50 பாகைக்கு மேற்படலாகாது என்பது புதிய வீடுகளுக்கான விதி. குசினிக் குழாய்க்கு அந்த விதி இல்லை. 60 பாகைச் சூட்டில் ஒரே வினாடியில் ஆழமான புண் உண்டாகும். 50 பாகையில் அதற்கு ஐந்து நிமிடம் செல்லும் என்பதைக் கொண்டு வித்தியாசத்தை அறியலாம். சுட்டுவிட்டால் மஞ்சள் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், பற்பசை வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். ஓடுகின்ற குளிர் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்கவேண்டும். சுட்டு மூன்று மணி நேரம் வரைக்கும் இது பலன் தரும்.

வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளிப்பது எம்மில் பலருக்கு விட முடியாத பழக்கம். குளித்து முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். நடை பழகும் பிள்ளைக்குத் தலை பாரம் கூட. எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானாக எழும்பத் தெரியாது. ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீரும் போதும். கோடையில் பின்வளவில் வைக்கும் காற்றடைத்த நீச்சல் தொட்டியும் 30 சென்ரிமீற்றருக்கு மேல் தண்ணீர் கொள்ளுமாயின் வேலி கட்டாயம்.

சாப்பாட்டுச் சண்டை

எமது வீடுகளில் அம்மம்மாவுக்கும் தாய்க்கும் முதற் கருத்து வேறுபாடு வருவது சோற்றுக் கோப்பையில்தான். “முந்தி நல்லாய்ச் சாப்பிட்ட பிள்ளை, இப்ப ஒரு வாய் வைக்கிறான் இல்லை” என்பது என் வயதினர் எல்லோரும் பாடும் பாட்டு. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிறந்தபோது மூன்று கிலோ இருந்த பிள்ளை முதல் ஆண்டு முடிவில் ஒன்பது கிலோ ஆகிறது; மூன்று மடங்கு. இரண்டாம் ஆண்டில் கூடுவது இரண்டரைக் கிலோவை ஒட்டித்தான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறைகிறது. பிள்ளை துடியாட்டமாக ஓடித்திரிந்து, தாதியின் பதிவுப் புத்தகத்தில் நிறைக்கோடு சீராக ஏறிக் கொண்டிருந்தால் கவலைக்கு இடமில்லை.

எலின் சட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் ஓர் எளிய பங்கீடு சொன்னார். என்ன உணவு, எப்பொழுது, எங்கே என்பதைப் பெற்றவர் தீர்மானிக்கட்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். கைத்தொலைபேசியில் படம் காட்டிக் காட்டி வாயில் ஊட்டும் பழக்கத்துக்கு இது நேர் எதிர். புட்டு, இடியப்பம், பருப்பு, கீரை, மீன் என்று வீட்டார் உண்பதையே உறைப்புக் குறைத்து முன்னால் வைத்தால், பிள்ளை கையால் அளைந்து, பாதியை நிலத்துக்குக் கொடுத்து, மீதியைத் தின்னும். துடைப்பது எங்கள் வேலை.

கவனிக்கவேண்டியவை சில உண்டு. பசுப்பால் ஒரு நாளைக்கு 500 மில்லிலீற்றருக்கு மேல் போனால் வயிறு பாலாலேயே நிரம்பிவிடும். சோறு கறி உள்ளே போகாது, இரும்புச் சத்துக் குறையும். தேநீர் குழந்தைக்கு வேண்டாம். உணவிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள அது தடை. முழுக் கச்சானும் முழு முந்திரிப் பருப்பும் ஐந்து வயது வரை கொடுக்கலாகாது, மூச்சுக் குழாயை அடைத்துவிடும். அரைத்துப் பசையாகக் கொடுக்கலாம். முந்திரிகைப் பழத்தை நெடுக்காக நான்காக வெட்டிக் கொடுங்கள்.

அடமும் அடியும்

கடையின் நடுவே நிலத்தில் விழுந்து உருண்டு கத்தும் பிள்ளையைக் கண்டால், சுற்றி நிற்பவர்கள் எம்மை எடைபோடுவதாகத் தோன்றும். எம்மவருக்கு அது பெரிய வெட்கம். வெட்கத்தினால் கை ஓங்குகிறது. ஆனால் அந்த வயதில் அடம் என்பது கெட்ட குணம் அல்ல. பிள்ளைக்கு வேண்டியது மனதில் தெளிவாக இருக்கிறது. அதைச் சொல்ல வாயில் சொல் இல்லை. ஆசையை அடக்கி ஆளும் மூளைப் பகுதி இன்னும் முதிரவில்லை. அதனால் ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை இந்தப் புயல் அடிக்கடி வீசும். சொல் பெருகப் பெருகப் புயல் தணியும்.

அடித்தால் அப்போதைக்கு அழுகையின் காரணம் மாறும், வேறொன்றும் மாறாது. கோபம் வந்தால் கை நீட்டலாம் என்ற பாடத்தை மட்டும் பிள்ளை பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் பயன்தந்த சிலவற்றைச் சொல்கிறேன். “சட்டை போடுவமா?” என்று கேட்டால் “இல்லை” என்றே பதில் வரும், “சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?” என்று கேட்டால் பிள்ளை தெரிவு செய்வதில் இறங்கிவிடும். பூங்காவிலிருந்து திரும்புமுன் “இன்னும் மூன்று தரம் சறுக்கலாம், பிறகு வீட்டுக்கு” என்று முன்னறிவித்தல் கொடுத்தால் இழுபறி குறையும். புயல் வீசும்போது பிள்ளைக்குக் காயம் படாமல் பார்த்துக்கொண்டு, குரல் உயர்த்தாமல் அருகில் இருப்பதே போதும். அடத்துக்குப் பணிந்து ரொபியைக் கொடுத்தால் அடுத்த நாள் அடம் இரட்டிக்கும். பசியும் நித்திரைக் குறைவும் பாதி அடத்துக்குக் காரணம். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தோடு சேர்த்து 11 முதல் 14 மணி நேர நித்திரை வேண்டும் என்பது அவுஸ்திரேலிய வழிகாட்டல். தகப்பன் வேலையால் வரும்வரை இரவு பத்து மணிக்கும் பிள்ளையை விழித்திருக்க வைக்கும் வீடுகளில் காலையில் அடம் பிடிப்பது யாருடைய குற்றம்?

அதே வழிகாட்டல் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஓடியாடும் விளையாட்டு வேண்டும் என்கிறது. இரண்டு வயதுக்குமுன் திரை வேண்டாம் என்றும், அதன் பின் ஐந்து வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும் சொல்கிறது. ஊரில் உள்ள பேத்தி பேரனோடு காணொளியில் பேசுவதை இந்தக் கணக்கில் போட்டு மனம் வருந்தவேண்டாம். திரையின் மறுபக்கத்தில் ஓர் ஆள் இருந்து பதில் பேசும்போது அது உறவாடல்.

எந்த மொழியில் கொஞ்சுவது?

“இரண்டு மொழி பேசினால் பிள்ளை குழம்பிப் பேச்சுப் பிந்தும்” என்று இன்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். ஆராய்ச்சிகள் அப்படிச் சொல்லவில்லை. இரண்டு மொழியில் வளரும் பிள்ளை சொற்களைக் கலப்பது இயல்பு. “வோட்டர் தா” என்பது குழப்பம் அல்ல, கையில் உள்ளதை வைத்துக் காரியம் பார்க்கும் கெட்டித்தனம். இரண்டு வயதில் ஏறத்தாழ 50 சொற்களும், இரண்டு சொல் சேர்த்த சிறு வசனங்களும் எதிர்பார்க்கப்படுகின்றன. தாதி கேட்கும்போது தமிழ்ச் சொற்களையும் ஆங்கிலச் சொற்களையும் சேர்த்து எண்ணிச் சொல்லவேண்டும். ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணி, “பேச்சுக் குறைவு” என்று கலங்கிப்போய், வீட்டில் தமிழையே நிறுத்திவிட்ட குடும்பங்களை நான் அறிவேன். நிறுத்தியது திரும்ப வருவது கடினம்.

ஆங்கிலத்துக்காக நாம் அஞ்சத் தேவையில்லை. 2023 முதல் விக்டோரியாவில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு, இத்திட்டத்தில் சேர்ந்த பாலர் பாடசாலைகளில் கட்டணம் இல்லை. பிள்ளை அங்கே காலடி வைத்த அன்றே ஆங்கிலம் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். தமிழுக்கு இருப்பது அதற்கு முந்திய இந்த மூன்று ஆண்டுகள்தான். பெரிய வகுப்பில் வி.சி.ஈ. பரீட்சைக்குத் தமிழை ஒரு பாடமாக எடுக்க இந்த மாநிலத்தில் வழி இருக்கிறது. அந்தப் பாடத்துக்கு அத்திவாரம் போடப்படுவது சோறு ஊட்டும்போதும் குளிக்க வார்க்கும்போதும் சொல்லும் வார்த்தைகளால்.

தாயை யார் பார்ப்பது?

இத்தனையும் பிள்ளையைப் பற்றி. பிள்ளையைப் பார்க்கும் தாயைப் பற்றி எமது சமூகத்தில் பேச்சுக் குறைவு. நான் இங்கு வருமுன், மகள் தொலைபேசியில் ஒருநாள் சொன்னாள்: “அம்மா, இண்டைக்கு முழுக்க ஒரு பெரிய ஆளோடையும் கதைக்கேல்லை.” அவளுக்கு வீடு, கார், குளிரூட்டி எல்லாம் இருந்தன. இல்லாதது ஒரு பேச்சுத் துணை. பார்வையாளர் விசாவில் வரும் பெற்றோர் திரும்பிப் போகவேண்டும். நிரந்தர விசா வரிசையோ ஆண்டுக் கணக்கில் நீள்கிறது. அம்மம்மா விமானம் ஏறிய மறுநாள் அந்த வீட்டில் விழும் அமைதி சாதாரணமானதல்ல. களைப்பு என்று தொடங்கி, நித்திரையின்மை, காரணமில்லாத அழுகை, பிள்ளைமேல் வெறுப்பு என்று போகுமானால் அது நோய். மருந்தும் ஆலோசனையும் உள்ள நோய். குடும்ப டொக்டரிடமோ தாதியிடமோ சொல்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. தாய்சேய் நலத் தொலைபேசி எண் 13 22 29, நாள் முழுவதும் திறந்திருக்கும். பெற்றோருக்கான ஆலோசனை எண் 13 22 89. தமிழில் பேச விரும்பினால் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை முதலில் அழைத்து இணைப்புக் கேட்கலாம்.

வீட்டை விட்டு வெளியே போவதும் மருந்துதான். கிரெய்கிபர்ன் நூலகம் 2012இல் திறக்கப்பட்டது. மண்ணை இறுக்கி எழுப்பிய சுவர்களைக் கொண்ட அந்தக் கட்டடத்துக்கு, 2014ஆம் ஆண்டில் டென்மார்க் அளித்த உலகின் சிறந்த பொது நூலக விருது கிடைத்தது. அங்கே சிறுவருக்குக் கதைநேரம் உண்டு, செலவில்லை. கதை கேட்பது பிள்ளைக்கு, பக்கத்துத் தாயோடு கதைப்பது தாய்க்கு. பெற்றோரும் பிள்ளைகளும் கூடும் விளையாட்டுக் குழுக்கள் எங்கே கூடுகின்றன என்பதைத் தாதியிடமோ ஹியூம் நகர சபையிடமோ கேட்டறியலாம். வெளியே போகும்போது தொப்பியை மறக்கவேண்டாம். எமது தோல் கறுப்பானாலும் இந்த நாட்டு வெயில் இளகாது. மறுபுறம், கருந்தோல் உள்ளவர்களுக்கு மெல்பேர்ண் மாரியில் விற்றமின் டி குறைவதும் உண்டு. டொக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக, கூட்டங்களிலும் திருவிழாக்களிலும் சந்திக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிதாகக் குடிவந்த இளந்தாயைக் கண்டால் “பிள்ளை ஏன் மெலிஞ்சு போச்சு?” என்று கேட்பதை விட்டு, “சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் நான் பிள்ளையை வைத்திருக்கிறேன், நீ போய் நித்திரை கொள்” என்று சொல்லுங்கள். வீட்டில் பெரியவர்கள் உள்ளவர்கள், இல்லாத வீட்டுக்கு வாரம் ஒரு முறையாவது போய்வாருங்கள். தகப்பன்மார் வேலையால் வந்தபின் பிள்ளையைக் குளிக்க வார்த்துப் படுக்க வைக்கும் பொறுப்பை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் வேலிக்கு அப்பால் நின்று குரல் கொடுத்தவர்கள் பெரிய தியாகம் எதுவும் செய்யவில்லை. கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். இங்கே வேலிகள் உயரம். அதனால் வாசலால் போய்க் கதவைத் தட்டவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.